இருதய வருத்தமுள்ள பிள்ளையளுக்கு எங்கட வாட்டில முதல்ல என்ன செய்யலாம்: மெசினா, கொழும்பு ட்ரெயினிங்கா, வாட்டுக்குள்ளயே பழக்கிறதா?

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர்ச் சங்கங்கள் காசு சேர்த்துப்போட்டுக் கேக்கிற முதல் கேள்வி "என்ன மெசின் வேணும்" எண்டதுதான். நல்ல மனசோட கேக்கினம். ஆனா இருதய வருத்தத்தோட வாட்டில கிடக்கிற குழந்தையளைப் பொறுத்தவரையில என்ர மறுமொழி கொஞ்சம் நீளமானது, போனில சொல்லி முடிக்க ஏலாது, அதால இருந்து எழுதுறன். நான் வன்னியில பிள்ளையள் வாட்டில வேலை செய்யிற ஒரு நேர்ஸ். காசும் ஆக்களும் நேரமும் மட்டுமட்டா இருக்கிற இடத்தில எதை முதல்ல செய்யிறது, எதைப் பிறகு பாக்கிறது எண்டதுதான் விசயம்.

முதல்ல ஒரு விசயம் விளங்கோணும். உயிரோட பிறக்கிற ஆயிரம் பிள்ளையளில எட்டுத் தொடக்கம் பத்துப் பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில ஏதோ ஒரு குறை இருக்கும், இது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே கணக்குத்தான். அதில கனபேருக்குச் சின்ன ஓட்டை, தானா மூடும் அல்லது கிளினிக்கில பாத்துக்கொண்டு போகலாம். ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான் முதல் வருசத்துக்குள்ளயே ஒப்பரேசனோ வேற வைத்தியமோ தேவைப்படும். அந்த ஒப்பரேசன் எங்கட பிள்ளையளுக்குப் பெரும்பாலும் கொழும்பு பொரளையில இருக்கிற லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியிலதான். கிளிநொச்சியில இருந்து ஏ9 றோட்டால போனா 330 கிலோமீற்றர் மட்டில, முல்லைத்தீவுப் பக்கத்து ஆக்கள் எண்டா முதல்ல மாங்குளத்துக்கு வந்து ஏறோணும். அப்ப எங்கட வாட்டில நடக்கிறது என்ன? வருத்தம் இருக்கெண்டு பிடிக்கிறது, கொழும்புக்கு அனுப்பும் வரைக்கும் பிள்ளையைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது, ஒப்பரேசனுக்கு டேட் கிடைக்கும் வரைக்கும் நிறை ஏத்துறது, மாரி காலத்தில சளி பிடிச்சு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தாப் பாக்கிறது, ஒப்பரேசன் முடிஞ்சு திரும்பி வந்தாப்பிறகு பாக்கிறது. கத்தி பிடிக்கிற டொக்டர் அங்க, இருவத்திநாலு மணித்தியாலமும் பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிற நேர்ஸ் இஞ்ச. இந்தக் கணக்கை வைச்சுத்தான் நான் எல்லாத்தையும் நிறுத்துப் பாக்கிறன்.

எங்களுக்கு முன்னால நாலு வழி இருக்கு. மெசின் வாங்கலாம். ரெண்டு மூண்டு நேர்ஸை கொழும்புக்கு அனுப்பிப் பழக்கலாம். வாட்டில இருக்கிற அவ்வளவு பேரையும் இஞ்சயே வைச்சுப் பழக்கலாம். அல்லாட்டி ஒரு நேர்ஸை இந்தப் பிள்ளையளுக்கெண்டு பொறுப்பாக்கி தாய்மாரோடையும் கொழும்போடையும் தொடுப்பு வைச்சிருக்கச் செய்யலாம்.

மெசினில எல்லாரும் ஆசைப்படுறது எக்கோ மெசின், இருதயத்தைப் படமாக் காட்டுற ஸ்கான். அது நல்ல சாமான்தான், ஆனா அந்தப் படத்தை வாசிக்கப் பிள்ளையளின்ர இருதயம் தெரிஞ்ச டொக்டர் வேணும், சின்னப் பிள்ளைக்கெண்டு தனி புரோப் (உடம்பில வைக்கிற பகுதி) வேணும், பழுதானா கொம்பனிக்காரன் கொழும்பில இருந்து வரும் வரைக்கும் துணி போட்டு மூடி வைக்கோணும், இதெல்லாம் சரிவந்தாலும் எக்கோ எடுத்து முடிஞ்ச அந்த ராத்திரி பிள்ளைக்குப் பால் பருக்கிறது மெசின் இல்லை. அடுத்தது பெரிய மொனிட்டர். ஃபலோ டெட்ராலஜி எண்ட, பிள்ளை நீலம் பாரிக்கிற பிறவி இருதய வருத்தம் உள்ள ஒரு பிள்ளைக்கு வழமையாவே ரத்தத்தில ஒக்சிஜன் அளவு 80 வீதம் மட்டிலதான் நிக்கும், மொனிட்டரில கொம்பனி வைச்சு அனுப்பின எல்லை 90 எண்டு இருந்தா அது விடிய விடியக் கத்தும், பக்கத்துக் கட்டில் பிள்ளையும் எழும்பி அழும், கடைசியில ஆரோ ஒருத்தர் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் போவினம். பிறகு உண்மையிலேயே 60க்கு இறங்கேக்க ஒருத்தருக்கும் கேக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதின்ர வழமை என்னெண்டு தெரிஞ்சு எல்லையை மாத்தத் தெரிஞ்ச நேர்ஸ் இருந்தாத்தான் மொனிட்டரால பிரியோசனம்.

ஆனா மெசினே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரே அளவில ஏத்துற சிறிஞ் பம்ப் இதுக்கு விதிவிலக்கு, அதைப்பற்றி எனக்கு ரெண்டு மனம் இல்லை. சில குழந்தையளுக்குப் பிறந்தாப்பிறகு மூடவேண்டிய டக்டஸ் எண்ட குழாய் திறந்திருந்தாத்தான் உயிர் நிக்கும், அதைத் திறந்து வைச்சிருக்கிற மருந்துதான் புரொஸ்டாகிளாண்டின். கிலோவுக்கு, நிமிசத்துக்கு இத்தினை மைக்ரோகிராம் எண்டு கணக்குப் பாத்து விடுற மருந்து, கொஞ்சம் கூடினாலும் பிள்ளை மூச்சை நிப்பாட்டிப்போடும், சிலவேளை சரியான அளவில போகேக்கயே நிப்பாட்டும். அதைக் கையால சொட்டு எண்ணி விட ஏலாது. ஏ9 றோட்டில அம்புலன்சுக்குள்ள நல்லா பற்றரி நிக்கிற பம்ப் ஒண்டு, மருந்தை 2 தொடக்கம் 8 பாகைக்குள்ள வைச்சிருக்கிற ஃபிரிட்ஜ், பக்கத்தில கையால அமத்தி மூச்சுக் குடுக்கிற அம்பு பாக்கைக் கையில வைச்சுக்கொண்டு மூச்சைப் பாத்துக்கொண்டே போற நேர்ஸ், இந்த மூண்டும் சேர்ந்தாத்தான் அந்தப் பிள்ளை கொழும்பு போய்ச் சேரும்.

இன்னொண்டு பல்ஸ் ஒக்சிமீற்றர், குத்தாமல் ரத்தத்தில ஒக்சிஜன் எத்தினை வீதம் எண்டு காட்டுறது. இதை பிள்ளையள் வாட்டைவிட பிள்ளைப்பேறு வாட்டுக்குக் குடுத்தா இன்னும் பலன் கூட எண்டு நினைக்கிறன். பிறந்து 24 மணித்தியாலம் கழிச்சு வலக்கையிலயும் ஏதாவது ஒரு காலிலயும் பாக்கிறது. ஏதாவது ஒண்டில 95க்குக் குறையாமலும் கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்குள்ளயும் இருந்தாச் சரி. 90க்குக் கீழ எண்டா உடன டொக்டர். இடையில நிண்டா ஒரு மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பாக்கோணும். பிள்ளையைக் குத்தத் தேவையில்லை, சில நிமிசத்தில முடியும். தாயும் பிள்ளையும் வீட்ட போய் ஒட்டுசுட்டானிலயோ பூநகரியிலயோ ஒரு கிழமையால பிள்ளை கறுத்து நீலம் பாரிச்சுக் கொண்டோடி வாறதைவிட, போகமுதல் பிடிக்கிறது எவ்வளவோ மேல். ஆனா இந்தப் பரிசோதினையால எல்லா வருத்தமும் பிடிபடாது, பெருநாடி ஒடுங்கின பிள்ளையள் சிலது தப்பிப் போகும், அதால கால் நாடி பிடிச்சுப் பாக்கிறதை விடக்குடாது.

இனி கொழும்பு ட்ரெயினிங். நான் இதுக்கு எதிரான ஆள் இல்லை. ஒரு கிழமையில அங்க காணுற வருத்தத்தை இஞ்ச வருசம் முழுக்க நிண்டாலும் காணேலாது, அதோட அங்கத்த சிஸ்டர்மாரைப் பழக்கம் பிடிச்சா நடுச்சாமத்தில போன் எடுத்துக் கேக்கலாம், இதுதான் பெரிய லாபம். ஆனா கழிக்கவேண்டியதையும் கழிச்சுப் பாக்கோணும். மூண்டு மாசத்துக்கு ரெண்டு பேரை அனுப்பினா ரொஸ்டரில ரெண்டு ஓட்டை, அதை மற்ற ஆக்கள்தான் ஓவர்டைம் செய்து அடைக்கோணும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தினை பேர் நாட்டை விட்டுப் போனவை எண்டு வாட்டில நிண்டு பாத்த ஆக்களுக்குத்தான் தெரியும். பழகி வந்தவ ரெண்டு வருசத்தில ட்ரான்ஸ்பர் வந்து போனா பழகினதும் அவவோடயே போயிடும், வன்னிக்கு வாற கனபேர் சேவைக்காலம் முடிய ஊர்ப்பக்கம் போறவைதான், அது அவையின்ர உரிமை, குறை சொல்ல ஏலாது. மற்றது, தீவிர சிகிச்சைப் பிரிவில ஒரு நேர்ஸ் ஒண்டு ரெண்டு பிள்ளையளைப் பாக்கிற முறையைப் பழகிப்போட்டு, நைட்டில ஒரு வாட்டையே பாக்கிற இடத்துக்கு வந்தா பாதியைச் செய்ய இடமில்லை. ஒரு நேர்சுக்கு எத்தினை நோயாளி எண்டது சின்ன விசயம் இல்லை. 2014ல லான்செட்டில வந்த ஒரு ஆய்வு, ஐரோப்பாவில ஒன்பது நாட்டில ஒப்பரேசன் செய்த வளந்த ஆக்களைப் பாத்தது, நேர்சுக்கு ஒரு நோயாளி கூடக்கூட 30 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு 7% கூடுது எண்டு கண்டது. ஆளணியை அரசாங்கம்தான் தரோணும், சங்கக் காசால நேர்ஸ் போடேலாது. ஆனா இருக்கிற ஆக்களை மாசக்கணக்கா வாட்டை விட்டு எடுக்கிறதுக்கு முதல் இந்தக் கணக்கையும் பாக்கத்தான் வேணும்.

மூண்டாவது வழிதான் என்ர மனசுக்குப் பட்ட வழி, ஏனெண்டு கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். இருதயம் பலவீனமான குழந்தைக்குப் பால் குடிக்கிறதே பெரிய வேலை. தாய் வந்து சொல்லுவா, "மிஸ், பிள்ளை ரெண்டு இழுவை இழுத்துப்போட்டு விட்டுடுது, தலையெல்லாம் வேர்க்குது, பிறகு நித்திரை" எண்டு. பிள்ளைக்குப் பசியில்லை எண்டு நினைச்சா பிழை, களைப்பு. சாதாரண குழந்தைக்கு நாளைக்குக் கிலோவுக்கு 100, 110 கலோரி காணும் எண்டா இந்தப் பிள்ளைக்கு 150 மட்டில வேணும், ஏனெண்டா மூச்சு விடுறதுக்கே அவ்வளவு சக்தி போகுது. நாலு கிலோப் பிள்ளை எண்டு வையுங்கோ, 600 கலோரி. தாய்ப்பால் 100 மி.லீ.ல ஏறக்குறைய 67 கலோரி, அப்ப 900 மி.லீ. குடிக்கோணும். குடிக்குமா? குடிச்சாலும் நுரையீரலில தண்ணி கட்டும். அதாலதான் டொக்டரும் போசாக்குப் பாக்கிற ஆக்களும் சேர்ந்து பாலின்ர சத்தைக் கூட்டி, அளவைக் குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கச் சொல்லுறது. இதைக் கையால நடத்துறது நேர்ஸ். தலைப்பக்கத்தை உயர்த்திப் பிடிச்சு, 20 நிமிசம், கூடினா 30 நிமிசம் வாயால குடுத்து, மிச்சத்தை மூக்கால போட்ட டியூப்பால விடுறது. ஒரு மணித்தியாலம் போராடிக் குடிக்க வைச்சா குடிச்ச சத்தெல்லாம் அந்தப் போராட்டத்திலயே செலவழிஞ்சு போகும். டியூப் போட்டா "பிள்ளைக்கு ஏலாமப் போச்சு" எண்டு தாய்மார் அழுவினம், "இல்லையம்மா, ஒப்பரேசனுக்கு நிறை ஏறோணும், அதுக்குத்தான்" எண்டு பக்கத்தில இருந்து சொல்லுறதும் சேர்ந்ததுதான் இந்த வேலை.

இதே மாதிரித்தான் நிறுக்கிறது. ஒரே தராசு, ஒரே நேரம், உடுப்பில்லாமல், பால் குடுக்க முதல். ஒரு நாளில சட்டெண்டு 100 கிராம் கூடினா பிள்ளை கொழுத்ததெண்டு சந்தோசப்படக்குடாது, தண்ணி சேருது. நனைஞ்ச நப்கினை நிறுத்து, காய்ஞ்ச நப்கினின்ர நிறையைக் கழிச்சா ஒரு கிராம் ஒரு மி.லீ. சலம். ஆனா நைட் மிஸ் ஒரு தராசிலயும் காலமை மிஸ் இன்னொரு தராசிலயும் நிறுத்தா அந்த நம்பரை வைச்சு ஒண்டும் செய்யேலாது. அவ்வளவு பேரும் ஒரே மாதிரிச் செய்யாட்டி ஒராள் வடிவாச் செய்தும் பலனில்லை, இதுக்காகத்தான் ரெண்டு பேரைப் பழக்கிறதைவிட வாட்டையே பழக்கோணும் எண்டு சொல்லுறன்.

மருந்தும் அப்பிடித்தான். இருதயத்துக்குக் குடுக்கிற டிகொக்சின் எண்ட மருந்துத் திரவம் ஒரு மி.லீ.க்கு 50 மைக்ரோகிராம். டொக்டர் 20 மைக்ரோகிராம் எழுதினா 0.4 மி.லீ. அந்தப் புள்ளி ஒருக்காத் தவறினா 4 மி.லீ., பத்து மடங்கு. ரெண்டு பேர் தனித்தனியாக் கணக்குப் போட்டுப் பிறகு ஒத்துப்பாக்கோணும், ஒராள் சொல்ல மற்ற ஆள் தலையாட்டுறது செக் இல்லை. குடுக்க முதல் நெஞ்சில ஸ்டெதஸ்கோப் வைச்சு முழு ஒரு நிமிசம் துடிப்பு எண்ணோணும், குழந்தைக்கு 90 தொடக்கம் 110க்குள்ள டொக்டர் எழுதி வைச்ச எல்லைக்குக் கீழ போனா குடுக்காமல் கூப்பிடோணும். பிள்ளை சத்தி எடுத்தா திரும்பக் குடுக்கக்குடாது. சலம் போக வைக்கிற ஃபுரூசமைட் மருந்து போகிற பிள்ளைக்குப் பொட்டாசியம் குறைஞ்சா டிகொக்சின் நஞ்சாகும், ரத்த ரிப்போட்டை ஃபைலில சொருகிப்போட்டுப் போகாமல் பாக்கோணும்.

ஒக்சிஜனைப் பற்றியும் சொல்லோணும், ஏனெண்டா இது எங்கட கை தன்பாட்டில செய்யிற வேலை. பிள்ளை நீலமா இருந்தா மாஸ்க்கைப் போட்டு முழுசாத் திறந்து விடுவம். சளி வருத்தத்துக்கு அது சரி. ஆனா பெரிய ஓட்டையுள்ள பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சின ஒக்சிஜன் நுரையீரலுக்குப் போற ரத்தத்தைக் கூட்டி நிலமையை மோசமாக்கும், டக்டஸில தங்கி நிக்கிற குழந்தைக்கு அந்தக் குழாயையே மூட வைக்கும். சில பிள்ளையளுக்கு ரத்தத்தில ஒக்சிஜன் 75க்கும் 85க்கும் இடையில நிண்டாலே காணும். அப்ப ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலயும் "இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு" எண்டு டொக்டரைக் கேட்டு எழுதி ஒட்டிவைக்கோணும். அதே மாதிரி நீலம் பாரிக்கிற பிள்ளையின்ர சேலைன் லைனில ஒரு சின்னக் காத்துக் குமிழி போனாலும் ஓட்டையால நேரா மூளைக்குப் போகலாம், வேற பிள்ளைக்குக் கவலைப்படாத குமிழிக்கு இஞ்ச உயிர் போகும். அழுது அழுது திடீரெண்டு கறுத்து நீலம் பாரிக்கிற ஃபலோ பிள்ளையை, முழங்காலை மடிச்சு நெஞ்சோட சேத்துத் தாயின்ர தோளில பிடிக்க வைக்கோணும், ஊசி தேடி ஓட முதல் அதைச் செய்யோணும். இதெல்லாத்துக்கும் காசு போகாது, மாசத்தில ரெண்டு பின்னேரம் வாட்டுக்குள்ளயே இருந்து கதைச்சு, பொம்மையில செய்து காட்டி, அடுத்த நாள் பிள்ளையில ஒராள் பாக்க மற்ற ஆள் செய்யிறதுதான். சிங்களம் மட்டும் தெரிஞ்ச மிஸ்மாரும் எங்களோட வேலை செய்யினம், அவைக்கும் தாய்மாருக்கும் விளங்கிற மாதிரி ரெண்டு மொழியிலயும் படத்தோட சார்ட் அடிச்சா இன்னும் நல்லது.

இப்பிடிச் சின்னச் சின்ன வேலையால உண்மையாப் பலன் வருமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: பொஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியை மையமா வைச்சு வளந்துவாற நாடுகளின்ர இருதய ஒப்பரேசன் நிலையங்கள் சேர்ந்து ஒரு வேலைத்திட்டம் செய்தவை, அதில மூண்டு விசயம்தான்: ஒப்பரேசனைச் சுத்தின பாதுகாப்பு நடைமுறை, கிருமித்தொற்றைக் குறைக்கிறது, நேர்ஸ்மாருக்கு வாய் திறந்து சொல்ல இடம் குடுத்து டீமா வேலை செய்யிறது. 2014ல வெளிவந்த முடிவில 17 நாட்டில 28 இடங்களில தொற்றும் சாவும் குறைஞ்சிருந்தது. மற்றப் பக்கம், பிள்ளையின்ர நிலமை மோசமாகுதெண்டு முன்கூட்டிக் காட்டுற புள்ளிச் சார்ட்டை ஏழு நாட்டில 21 ஆஸ்பத்திரியில சோதிச்ச ஆய்வு 2018ல வந்தது, அந்தச் சார்ட்டால மொத்தச் சாவு குறையேல்லை, ஆனா தீவிர சிகிச்சைக்குப் பிந்திப் போற சம்பவங்கள் குறைஞ்சது. இதில நான் விளங்கிறது என்னெண்டா சார்ட்டை அடிச்சு ஒட்டினா மட்டும் காணாது, புள்ளி ஏறினா நடுச்சாமத்திலயும் டொக்டரைக் கூப்பிடலாம், கூப்பிட்டதுக்கு ஏச்சு விழாது எண்ட நிலமை வேணும். அதுக்குப் பொறுப்பு கொன்சல்டனும் இன்சார்ஜ் சிஸ்டரும்.

நாலாவது வழி, பொறுப்பு நேர்ஸ். இதை மூண்டாவதுக்கு அடுத்ததா வைக்கிறன், ரெண்டுக்கும் இடையில பெரிய தூரம் இல்லை. அமெரிக்காவில விஸ்கொன்சினில 2000ம் ஆண்டு தொடக்கம் இருதயத்தின்ர இடப்பக்கம் வளராத குழந்தையளை முதல் ஒப்பரேசனுக்குப் பிறகு வீட்ட விடேக்க ஒரு தராசும் ஒரு ஒக்சிமீற்றரும் குடுத்து அனுப்பினவை, நாளாந்தம் தாய் எழுதோணும், மூண்டு நாளில 20 கிராம்கூட ஏறாட்டி உடன போன் அடிக்கோணும். அடுத்த ஒப்பரேசன் வரைக்கும் தப்பின பிள்ளையளின்ர தொகை நல்லாக் கூடினது. அந்த வருத்தம் வேற, எங்கட பிள்ளையளுக்கு அதிகமா இருக்கிறது வேற, ஆனா முறை எங்களுக்கும் பொருந்தும். மல்லாவியில இருந்து வாற தாய்க்கு வீட்டில தராசு குடுக்க ஏலாட்டி, ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிட்டத் தராசு இருக்கு, கிழமைக்கு ஒருக்கா நிறுத்துப் பிள்ளையின்ர வளர்ச்சிப் புத்தகத்தில போட்டு, ஏறாட்டிப் பொறுப்பு நேர்சுக்கு ஒரு போன். ஒப்பரேசன் முடிஞ்சு வாற பிள்ளையைக் கமக்கட்டில பிடிச்சுத் தூக்கக்குடாது, ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு அடியில கை குடுத்துத்தான் தூக்கோணும், இதை அம்மம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லோணும், ஏனெண்டா வீட்டில பிள்ளையைத் தூக்கிறது கூடுதலா அவதான். வாதக்காய்ச்சலால இருதய வால்வு பழுதான பெரிய பிள்ளையளுக்கு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி தவறக்குடாது, ஊசி நோகுமெண்டும் பள்ளிக்கூடம் போகோணுமெண்டும் விடுறது, அதையும் ஒரு கொப்பி வைச்சுப் பாத்து வராத பிள்ளையைத் தேடிக் கூப்பிடலாம். சங்கக் காசு இஞ்சதான் நேராப் பிரியோசனப்படும்: போன் காசு, கொழும்புக் கிளினிக்குக்கு பஸ் காசு, பொரளையில தாய் தங்க ஒரு இடம். டேட் கிடைச்சும் பயணக் காசில்லாமல் போகாமல் விடுற குடும்பம் இருக்கு.

இப்ப என்ர முடிவைச் சொல்லிறன். காசு கொஞ்சமெண்டா: நல்ல டிஜிற்றல் தராசு, சின்னப் பிள்ளையளுக்கான ஒக்சிமீற்றர், வாட்டுக்குள்ள பழக்கிறதுக்கான சார்ட்டும் பொம்மையும், ஒரு பொறுப்பு நேர்சுக்குப் போன். கொஞ்சம் கூட இருந்தா கொழும்புக்கு மூண்டு மாசத்துக்குப் பதிலா ரெண்டு மூண்டு கிழமை, ஒராள் போய் வந்தாப்பிறகு அடுத்த ஆள், போறவ வந்து மற்ற ஆக்களைப் பழக்கோணும் எண்ட ஒப்பந்தத்தோட, இந்த ஊரிலயே வீடு வாசலோட இருக்கிற ஆக்களை முதல்ல அனுப்புங்கோ. நிறையக் காசெண்டாத்தான் மொனிட்டர். எக்கோவை அரசாங்கத்திட்டக் கேப்பம். ஒரேயொரு இடத்தில இந்த ஒழுங்கு மாறும்: பிள்ளையளுக்குப் பாவிக்கிற சிறிஞ் பம்ப் ஒண்டுகூட இல்லாத ஆஸ்பத்திரி எண்டா எல்லாத்துக்கும் முதல் அதை வாங்குங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

வாங்க முதல் வாட் சிஸ்டரைக் கேளுங்கோ, ஏற்கனவே இருக்கிற மெசின் எந்தக் கொம்பனி, எந்த மொடல் எண்டு. வேற கொம்பனி புரோப் பொருந்தாது. ஒக்சிமீற்றரோட சின்னப் பிள்ளையின்ர பாதத்தில சுத்துற புரோப் வருதோ எண்டு பாருங்கோ, வளந்த ஆக்களின்ர விரலில கொழுவிறது எங்களுக்குச் சரிவராது. மேலதிகமா ரெண்டு புரோப் சேர்த்து வாங்குங்கோ, முதல்ல பழுதாகிறது அதுதான். பம்ப் எண்டா அது எந்தச் சிறிஞ்சை ஏற்கும், அந்தச் சிறிஞ் எங்கட ஸ்டோரில இருக்கோ, பற்றரி எத்தினை மணித்தியாலம் நிக்கும், இலங்கையில ஏஜென்சி இருக்கோ எண்டு எழுத்தில வாங்குங்கோ. அனுப்பினாப்பிறகு ஆறு மாசத்தால ஒருக்காப் போன் எடுத்து "அது வேலை செய்யுதோ" எண்டு கேளுங்கோ, நாங்கள் உள்ளதைச் சொல்லுவம்.